இழுத்தால் திரும்பாத எலாஸ்டிக்

பீரோவின் அடித்தட்டில் வருஷக்கணக்கில் கிடந்த பைஜாமாவை எடுத்து, இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வரும். இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே ஓடும் ரப்பர் இழைதான் செத்துப்போயிருக்கும்.

1930-களின் நீச்சல் உடைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலிதான். அப்போது வந்த லாஸ்டெக்ஸ் நூலில், ரப்பர் இழையைச் சுற்றிப் பருத்தி போன்ற நூலைச் சுற்றியிருப்பார்கள். ரப்பரின் மூலக்கூறுகள் சிக்குப்பிடித்த நூல்போலச் சுருண்டு கிடக்கும் நீளமான சங்கிலிகள். இழுத்தால் நிமிரும், விட்டால் மறுபடி சுருளும். சங்கிலிகள் நழுவாமல் ஆங்காங்கே பிடித்துவைப்பது கந்தகம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தச் சங்கிலிகளை வெட்டினால் ரப்பர் பிசுபிசுக்கும். வெட்டுப்பட்டவை தங்களுக்குள் புதிதாகக் கோத்துக்கொண்டால் இறுகி நொறுங்கும். ஓசோனின் வேலை இன்னும் விசித்திரமானது. தளர்ந்து கிடக்கும் ரப்பரை அது பெரிதாகப் பிளப்பதில்லை. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் இழுவைக்குக் குறுக்காக விரிசல்களைப் போடும்.

அதனால்தான் இந்த உடைகளை ஹேங்கரில் மாட்டுவதில்லை. தட்டையாகப் படுக்கவைத்து, மடிப்பு விழும் இடங்களில் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தை உருட்டி வைப்பார்கள். காட்சிக்கு வைக்கும்போதும் பொம்மை உருவத்தை உடையின் அளவைவிடச் சிறியதாகவே செய்து, உடை தொய்யாத அளவுக்கு மட்டும் பஞ்சு அடைப்பார்கள். விரிவதற்கென்றே பிறந்த துணியை இனி ஒருமுறைகூட விரியவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது மனதைப் பிசைகிற விஷயம்.

இன்றைய நீச்சல் உடைகளிலும் லெகிங்ஸிலும் இழுபடும் செயற்கை இழையான ஸ்பான்டெக்ஸின் கதை வேறு. 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை. இதன் மூலக்கூறுச் சங்கிலியில் நெகிழ்ந்த பகுதியும் இறுகிய பகுதியும் மாறிமாறி வரும். நெகிழ்ந்த பகுதி பாலியெஸ்டராக இருந்தால் ஈரம் அதை அறுக்கும். பாலியீத்தராக இருந்தால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அறுக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பதால், எது எதுவென்று கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, மருந்து என்ன? இருட்டு, குளிர்ச்சி, அளவான ஈரப்பதம். ரப்பர் உள்ளவற்றைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, தின்பண்டப் பொட்டலங்களில் கிடக்குமே, இரும்புத்தூள் நிரப்பிய சிறு பை, அதுபோன்ற ஒன்றையும் உள்ளே வைப்பதுண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது உறைக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்புறம், வெள்ளிச் சரிகைத் துணியைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ரப்பரிலிருந்து கசியும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும்.