பேசாத பிள்ளைக்கு என்ன குறை?

"எங்கே போனாலும் மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறான், டாக்டர்" என்று சொல்லிப் பிள்ளையை என் முன் அமர்த்தும் பெற்றோரை அடிக்கடி சந்திக்கிறேன். அப்படி வந்த 14 வயது மாணவன் ஒருவன், நான் கேட்ட எதற்கும் வாய் திறப்பதற்குள் அவன் தாயே பதில் சொல்லிவிட்டார். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்காமல் காத்திருந்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்த விரல்கள் மெல்ல நின்றன. பிறகு சதுரங்கத்தைப் பற்றி இருபது நிமிடம் தெளிவாகப் பேசினான். நெருங்கிய நண்பர்கள் இருவர் இருந்தார்கள். தூக்கத்திலும் படிப்பிலும் குறையில்லை. அவனுக்கு நான் எந்தச் சிகிச்சையும் தரவில்லை; அவனுடையது அகமுக இயல்பு, நோயல்ல.

தனிமையில் இதம் காணும் அகமுகம், பிறரோடு கலப்பதில் உற்சாகம் காணும் புறமுகம் என்ற பாகுபாட்டை 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் பரவலாக்கினார்; அதற்கான காரணத்தை மூளையில் தேடியவர் மற்றோர் உளவியலாளரான ஹான்ஸ் ஐசென்க். நம்மை விழிப்புடன் வைத்திருப்பதற்காக மூளைத்தண்டிலிருந்து பெருமூளைப் புறணிக்குச் செல்லும் நரம்பு வலையமைப்பு, அகமுக இயல்பினரிடம் எளிதில் தூண்டப்படுவதால், மற்றவர்களுக்கு உற்சாகம் தரும் அதே இரைச்சலும் கூட்டமும் இவர்களுக்கு விரைவிலேயே மிகையாகிவிடுகின்றன என்று அவர் 1967இல் விளக்கினார். நாக்கில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அளந்தபோது, அகமுக இயல்பினருக்கு உமிழ்நீர் கூடுதலாகச் சுரந்ததும் இக்கருத்துக்கு வலு சேர்த்தது. ஆனால் ஓய்வு நிலையில் இருவகையினர் மூளைக்கும் பெரிய வேறுபாடு சீராகக் காணப்படவில்லை. தூண்டல் வரும்போது அதற்கு மூளை எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு கூடுதலாகத் தெரிகிறது.

புறமுக இயல்பில், மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைனுக்கும் பங்குண்டு. அதை மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் என்று சுருக்கிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பலன் கிடைக்கும் என்று தோன்றும் இடத்தை நோக்கி நம்மை உந்துவதே அதன் முக்கிய வேலை. புதிய மனிதர்களும் கிடைக்கும் பாராட்டுகளும் சிலரை அவ்வளவு வலுவாக ஈர்ப்பதற்கு இந்த டோபமைன் அமைப்பின் வேகம் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி, இவ்வியல்பில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவைச் சார்ந்தது. எனவே கண்டித்து மாற்றிவிடலாம் என்று பெற்றோர் எண்ணுவதில் பொருளில்லை. பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சமூகப் பதற்றக் கோளாறும் வெளியிலிருந்து பார்க்க இதே அமைதியாகத்தான் தெரியும். அகமுக இயல்பினர் கூட்டத்தைத் தவிர்ப்பது தனிமை இதமாக இருப்பதால். பதற்றம் உள்ளவரோ போக ஆசைப்பட்டும், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தால் போக முடியாமல் தவிக்கிறார். தன்னை அகமுக இயல்பினர் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்த ஓர் இளம்பெண்ணிடம், "விழாவுக்குப் போகாமல் வீட்டில் இருந்த மாலை எப்படிப் போயிற்று?" என்று கேட்டேன். நிம்மதியாக இருந்தது என்ற பதிலை எதிர்பார்த்தேன். அவரோ, தோழிகள் அனுப்பிய படங்களை இரவெல்லாம் பார்த்து அழுததாகச் சொன்னார். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையை அவருக்கு அன்றே தொடங்கினோம்.