லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஏன் ஐந்து மணி நேரம்?

லிஸ்பன் ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஹெல்சிங்கி வடகிழக்கில், பால்டிக் கடற்கரையில். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 3,365 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உச்ச உயரத்துக்குப் போனபின் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 4 மணி 3 நிமிடம்தான் வருகிறது. ஆனால் அட்டவணையில் ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள்.

அந்தத் தூரத்தை எப்படி அளந்தார்கள் என்பதே சுவையான விஷயம். 1569-இல் வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் வரைந்த முறையில் அமைந்த வரைபடத்தை எடுத்து, இரண்டு ஊர்களையும் அடிக்கோலால் இணைத்தால், கோடு லக்சம்பர்க் வழியாகப் போகும். அதையே ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலின் நடுப்பகுதி பிரஸ்ஸல்ஸ் பக்கமாக நகர்ந்துவிடும். நூல் காட்டும் வழிதான் குறுகியது. இங்கே 30 கிலோமீட்டர் மிச்சம். இதைப் பெருவட்டப் பாதை என்கிறோம். அடிக்கோல் கோட்டில் போனால் விமானத்தின் திசை கடைசி வரை வடகிழக்காகவே இருக்கும். நூல் வழியிலோ, வடக்கிலிருந்து 33 பாகை விலகிக் கிளம்பும் விமானம் 60 பாகையில் போய்ச் சேரும். எந்தப் பக்கமும் வளையாமல் நேராகப் பறந்தும் திசை மாறியிருக்கிறது! பூமி உருண்டை என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, மீதி ஒரு மணி நேரம்? அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு சொல்லும் சுற்றுவழி எல்லாம் அதில் சேரும். அப்புறம் கடிகாரம்: ஹெல்சிங்கி இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே மாலை 5 ஆகியிருக்கும்.

இதற்கெல்லாம் மேலே காற்று இருக்கிறது. மணிக்கு 830 கிலோமீட்டர் என்பது தரையை வைத்துச் சொன்ன வேகம் இல்லை, சுற்றியிருக்கும் காற்றை வைத்துச் சொன்னது. அந்தக் காற்றே நகர்ந்தால் விமானத்தையும் சேர்த்துக் கொண்டு போகும், ஆற்றில் போகும் படகைப் போல. ஐரோப்பாவுக்கு மேலே, 10 கிலோமீட்டர் உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதனால்தான் ஹெல்சிங்கியிலிருந்து திரும்பும் பயணம் பொதுவாகக் கூடுதல் நேரம் எடுக்கிறது.

பாதையை ஒட்டி மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால், போகும்போது 3 மணி 42 நிமிடம், வரும்போது 4 மணி 29 நிமிடம். போகும்போது மிச்சமானது 21 நிமிடம். வரும்போது இழப்பது 26. எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள்ளேயே அதிக நேரம் கிடக்க வேண்டியிருக்கிறது. அந்த 5 நிமிடத்தைப் பின்காற்று திருப்பித் தருவதே இல்லை.