கதவின் தடிப்பை அளக்காமல் பூட்டு வாங்காதீர்கள்

திருகோணமலையில் எந்த வீட்டிலும் கதவுகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு தடிப்புகள் கிடைக்கும். முன்வாசலில் முதிரைக் கதவு 44 மி.மீ. அறைக் கதவுகள் 35. பிறகு இறக்கிய சமையலறைக்குப் பிளைவுட் ஒட்டிய கதவு, 32. குளியலறையில் உள்ளே வெறுமையான பிவிசி கதவு. பழைய வீடுகளில் இரண்டு அங்குலத்தைத் தாண்டிய கதவும் இருக்கும். கடையில் இத்தனைக்கும் ஒரே பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்கள். அதன் ஓரத்தில் ‘35–45’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்தப் பூட்டு பொருந்தக்கூடிய கதவுத் தடிப்பின் எல்லை அது. வாங்குபவர் நிறத்தையும் திறப்பின் எண்ணிக்கையையும் பார்ப்பாரே தவிர அந்த இரண்டு எண்களைப் பார்ப்பது அரிது.

தச்சரிடம் ‘ஒன்றரை அங்குலக் கதவு’ என்று சொல்லிச் செய்வித்த கதவு ஒன்றரை அங்குலமாக இருக்காது. வாளால் அறுத்த பலகை 38 மி.மீ. இரு முகமும் சீவி, உரஞ்சுதாள் போட்டு முடித்தால் 34, 35 தான் மிஞ்சும். 34 என்றால் மேலே சொன்ன பெட்டியின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஒரு மில்லிமீற்றர்தானே என்று பொருத்திவிட்டால், பிடி ஆடத் தொடங்கும்போதுதான் அந்த ஒரு மில்லிமீற்றர் எங்கே போனது என்று தெரியும்.

அளப்பதைப் பூட்டு உட்காரும் இடத்தில், அதே உயரத்தில் செய்யுங்கள். கதவின் அடியில் எடுக்கும் அளவு உதவாது. பலகை சற்று முறுக்கியிருந்தால் மேலும் கீழும் 1 மி.மீ வேறுபடும். பூட்டு வரும் புள்ளியிலும், அதற்கு ஒரு சாண் மேலும் கீழுமாக மூன்று இடத்தில் எடுத்து, பூட்டுப் புள்ளியின் அளவையே கணக்குக்கு வையுங்கள். வேணியர் இடுக்கிமானி இல்லாவிட்டால், ஒரு கடதாசித் துண்டைக் கதவின் விளிம்பைச் சுற்றி மடித்து, இரு மூலையிலும் நகத்தால் கீறி, கீறலுக்குக் கீறல் அடிமட்டத்தில் அளக்கலாம். விளிம்பில் அலங்கார வார்ப்பு ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதலே முடிவுசெய்யுங்கள். பூட்டின் வெளித்தகடு அந்த வார்ப்பின்மேல் ஏறி உட்காருமானால் அதுவும் தடிப்புத்தான்.

கடையில் நைட் லாட்ச் என்று கேட்டு வாங்கும் பூட்டிலேயே நீளத்தை மாற்றும் ஏற்பாடு வெளிப்படையாகத் தெரியும் என்பதால் அதில் தொடங்குவோம். வெளியே வட்டச் சிலிண்டர், உள்முகத்தில் பெட்டி. இரண்டையும் இணைப்பது சிலிண்டரின் பின்னால் நீண்டிருக்கும் தட்டையான கம்பி. வால் என்று வைத்துக்கொள்வோம். திறப்பைத் திருப்பினால் வால் திரும்பும். வால் பெட்டிக்குள் இருக்கும் பிளவைத் திருப்பும். நாக்கு உள்ளே போகும். வாலிலும், சிலிண்டரைப் பிடித்து இறுக்கும் இரண்டு நீண்ட ஸ்குரூவிலும் சில மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். வேண்டிய பள்ளத்தில் குறட்டால் பிடித்து ஒடிப்பதற்காகவே அவை இருக்கின்றன. பலர் அதை அழகுக் கோடு என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கதவில் 32 மி.மீ துளை. அதை ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் இறக்கக் கூடாது. நடுவில் மெல்லிய துரப்பணத்தால் நேராகத் துளைத்து, பிறகு இரு முகத்திலிருந்தும் வட்டத் துளை வெட்டும் வாளைப் பாதிப் பாதியாக இறக்கினால் முகம் பிய்யாது, துளையும் சரியாது. சிலிண்டரை வெளியே இருந்து நுழைத்து, உள்ளே பின்தகட்டை வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு, வால் கதவின் உள்முகத்தைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். பூட்டோடு வந்த தாளில் எவ்வளவு நீள வேண்டும் என்று இருக்கும். பெரும்பாலும் 10 முதல் 15 மி.மீ வரை. பள்ளம் சரியாக அந்த இடத்தில் வராவிட்டால், நீளமான பக்கத்துப் பள்ளத்தில் ஒடித்து, மிச்சத்தை இரும்பு வாளால் அறுத்து, அரத்தால் முனையை மழுக்குங்கள். முனையில் பிசிறு நின்றால் பிளவுக்குள் அது சிக்கும். திறப்பு பாதியில் நின்றுவிடும்.

வால் நீண்டுபோனால் பெட்டியின் முதுகில் முட்டும். அதன் அறிகுறி தெளிவானது: ஸ்குரூவை இறுக்குவதற்கு முன் திறப்பு இலகுவாகத் திரும்பும், இறுக்கிய பின் கடினமாகும். பூட்டில் குறை இல்லை, வாலில் 2 மி.மீ கூடுதல். வால் குட்டையானால் அறிகுறி தாமதமாக வரும். முனை பிளவுக்குள் 2, 3 மி.மீ மட்டும் பிடித்துக்கொண்டு சில மாதம் வேலை செய்யும்; மெல்ல மெல்ல மூலை தேயும். பிறகு ஒருநாள் திறப்பு சுற்றும், நாக்கு அசையாது. வீட்டுக்கு வெளியே நிற்பவர் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

ஸ்குரூவிலும் இதே கதைதான். எம்5, அதாவது 5 மி.மீ விட்டமுள்ள, ஸ்குரூவில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.8 மி.மீ. சிலிண்டருக்குள் பித்தளையில் குறைந்தது ஆறு சுற்றாவது பிடிக்க வேண்டும்; அது ஏறக்குறைய 5 மி.மீ. மலிவான சிலிண்டரின் உடல் துத்தநாகக் கலவையாக இருந்தால் ஒன்பது சுற்று வேண்டும், ஏனென்றால் அதில் புரி இலகுவில் உரிந்துவிடும். மறுபுறம், ஒடிக்காமல் விட்ட நீண்ட ஸ்குரூ துளையின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியதுபோல இருக்கும். வெளியே வந்து சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள், ஆடும். இறுகிய ஸ்குரூவும் ஆடும் சிலிண்டரும் சேர்ந்து வந்தால் விடை ஒன்றுதான்: ஸ்குரூவை அடுத்த பள்ளத்தில் ஒடியுங்கள்.

கதவுக்குப் பாதுகாப்பு என்று பின்னாளில் இரும்புத் தகடோ பிளைவுட்டோ அடிக்கும் வீடுகளில் வேறொரு பிழை நடக்கிறது. தடிப்பு 6, 8 மி.மீ கூடிவிடும். பழைய வால் எட்டாது. உடனே பட்டறையில் கொடுத்து ஒரு துண்டை வெல்டிங் செய்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடம் திரண்டு பிளவில் உரசும். பித்தளை வால் என்றால் அந்த ஒட்டே நிலைக்காது. நீண்ட வாலுள்ள சிலிண்டரைத் தேடி வாங்குவதே சரி. ஸ்குரூவையும் கூடவே மாற்றுங்கள். வாலை மட்டும் மாற்றி, இரண்டு சுற்றில் தொங்கும் பழைய ஸ்குரூவை விட்டுவிட்டால் பாதுகாப்புக்கு என்று அடித்த தகட்டினால் கதவின் பாதுகாப்பே குறைந்துவிடும்.

கதவின் விளிம்புக்குள் புதைக்கும் பூட்டில், பேரிக்காய் வடிவச் சிலிண்டர் வருகிறது. இதன் அளவு இரண்டு எண்களாக இருக்கும்: 30/30, 30/40, 35/45 என்று, பெரும்பாலும் 5 மி.மீ படிகளில். கதவின் விளிம்பில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவின் நடுப்புள்ளிதான் பூச்சியம். அங்கிருந்து வெளித்தகட்டின் முகம் வரை ஓர் அளவு, உள்தகட்டின் முகம் வரை மற்றோர் அளவு. கதவு 40 மி.மீ, பூட்டு நடுவில் புதைந்திருக்கிறது, இருபுறத் தகடும் 10 மி.மீ என்றால் 20 + 10, 20 + 10, ஆகவே 30/30. இந்தக் கூட்டலை எல்லோரும் செய்துவிடுவார்கள். பூட்டு நடுவில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்வார்கள் என்பதே சிக்கல். உளி சற்று விலகி, பூட்டு உள்முகம் நோக்கி 4 மி.மீ தள்ளிப் புதைந்திருந்தால் வெளியே 34, உள்ளே 26 ஆகிவிடும். அங்கே 30/30 போட்டால் உள்ளே துருத்தும், வெளியே குழியும். 

சிலிண்டர் வெளித்தகட்டுக்கு வெளியே 3 மி.மீக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே துண்டாலான பித்தளைச் சிலிண்டரின் மிக மெல்லிய இடம் நடுவில், அந்த எம்5 துளை இருக்கும் இடம். நீட்டிய முனையைப் பிடித்து வளைத்தால் அங்கேதான் முறியும். கள்வர் அறிந்த விஷயம் இது. வீட்டுக்காரரும் அறிந்திருக்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய சிலிண்டர்களில் இந்த நடுப்பகுதி உருக்குச் சட்டமாக இருக்கும். அதன் இருபுறமும் 5 மி.மீ துண்டுகளைச் சேர்த்து முளையால் பூட்டி நீளமாக்குவார்கள். விலை கூடுதல்தான். தடிப்பு ஒழுங்கற்ற பழைய கதவுக்கு அந்தப் பணம் வீண்போகாது.

குமிழ்ப் பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்குமிழின் பின்னுள்ள வட்டத் தகடு புரியில் ஓடும். அதைச் சுற்றிச் சுற்றி, பூட்டின் உடல் கதவுத் தடிப்பின் சரி நடுவில் வரும்படி செய்வதே அதிலுள்ள ஒரே வேலை. விளிம்புத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் உடலின் பிளவு துளையின் நடுவில் தெரிய வேண்டும். விலகியிருந்தால் நாக்கு முழுவதும் உள்ளிழுபடாது, உள்பக்கப் பொத்தானும் நிற்காது.

இனி, கதவுத் தடிப்புக்கு ஏற்ப நீளும் தண்டால் பிடியை இணைக்கும் பூட்டை வடிவமைப்பவர்களுக்கும் பட்டறையில் செய்து கொடுப்பவர்களுக்கும். ஒரே தண்டு 30 முதல் 60 மி.மீ வரை நீள வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நீளும் குழாய்க்குள் உள்தண்டு கடைசி எல்லையிலும் தன் அகலத்தின் ஒன்றரை மடங்காவது புதைந்திருக்க வேண்டும். 8 மி.மீ சதுரத் தண்டுக்கு 12 மி.மீ. அதற்குமேல் இழுக்காதே என்று தண்டில் ஒரு கோடு கீறிவிடுங்கள். 30–45க்கு ஒரு தண்டு, 45–60க்கு ஒரு தண்டு என்று இரண்டைப் பெட்டியில் வைப்பது ஒரே நீள்தண்டைவிட உறுதியானது.

நீளும் இணைப்பு ஒவ்வொன்றும் ஆட்டத்தைக் கூட்டும். 8 மி.மீ சதுரத் தண்டு 8.1 மி.மீ சதுரத் துளைக்குள் இருந்தால், இடைவெளி வெறும் 0.1. ஆனால் தண்டு இருபுறமும் 0.7 பாகை திரும்பும். 120 மி.மீ நீளமுள்ள பிடியின் நுனியில் அது மொத்தம் 3 மி.மீ ஆட்டம். இரண்டு இணைப்பு என்றால் 6 மி.மீ. பிடியைத் தொட்டவுடன் ‘பூட்டு இளகிவிட்டது’ என்று வாங்கியவர் சொல்வது இதைத்தான். ஆகவே நீளத்தைச் சரிசெய்தபின் இணைப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு பூட்டு ஸ்குரூ கட்டாயம். அந்த ஸ்குரூ கதவின் உள்பக்கத்திலிருந்து மட்டும் எட்ட வேண்டும். இறுக்கும் விசை முழுவதும் கதவுப் பலகை வழியாகப் போகட்டும், நீள்தண்டு திருப்பும் வேலையை மட்டும் செய்யட்டும். தண்டு நீளவாக்கில் 1 மி.மீ மிதக்க இடம் விடுங்கள். பின்னால் அலைபோல் வளைந்த ஒரு வாஷர் வைத்தால் அந்த மிதப்பு சத்தம் போடாது.

அந்த 1 மி.மீ ஏன் என்றால், இந்த ஊர்க் காற்று. ஐப்பசி பிறந்து வாடைமழை தொடங்கினால் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; வைகாசிக்குப் பின் தென்மேற்குக் கச்சான் காற்று வீசும்போது காய்ந்து சுருங்கும். ஈரம் ஐந்து வீதம் மாறினால் 40 மி.மீ பலகையின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் மாறும். 100 மி.மீ அகலச் சட்டம் இரண்டு உள்ள கதவின் அகலம் அதே கணக்கில் 2, 3 மி.மீ மாறும். ஆகவே மழைக்காலத்தில் நாக்கு நிலைத்தகட்டில் விழாவிட்டால் பூட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், நாக்கையும் அராதீர்கள். நிலைத்தகட்டின் துளையை அரத்தால் 2 மி.மீ அகட்டுங்கள், அல்லது தகட்டை நகர்த்துங்கள். கச்சான் காலத்தில் பிடி இளகினால் ஸ்குரூவைக் கால் சுற்று இறுக்கலாம்; மழை தொடங்கியதும் அதே கால் சுற்றைத் தளர்த்த வேண்டும் என்பதை மறந்தால் திறப்பு இறுகும். புதுக் கதவுக்குப் பூட்டுப் போட முன் துளையின் உள்சுவருக்கும் வார்னிஷ் பூசுங்கள். ஈரம் அங்கேதான் முதலில் நுழைகிறது.

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்கு அண்மையில் உள்ள வீடுகளில் நீள்தண்டின் புரி உப்பேறி ஒட்டிக்கொள்ளும். பித்தளை உடலில் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் ஸ்குரூவே முதலில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கிலும் 316 தரம் கடற்காற்றை 304ஐவிட நன்றாகத் தாங்கும். தேங்காய் எண்ணெய் விடுவது கைப்பழக்கம். அது தூசியோடு சேர்ந்து பசையாகிச் சிலிண்டரின் முளைகளை நிறுத்திவிடும். பென்சில் கரித்தூள் அல்லது கடையில் கிடைக்கும் உலர் கிராபைட் போதும்.

பிவிசி கதவில் இறுக்க இறுக்க முகம் உள்ளே குழியும். ஸ்குரூ போகும் இடத்தில் கதவின் உள்ளேயுள்ள வெற்றிட அளவுக்கு வெட்டிய சிறு உலோகக் குழாயை நுழைத்து, அதன்மேல் இறுக்குங்கள். பொருத்தும்போது கதவைத் திறந்தே வைத்து, இருபது தடவை திறப்பைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் சாத்த வேண்டும்.

உள்பக்கமும் திறப்புப் போட்டுத் திறக்கும் சிலிண்டரைப் படுக்கையறைக்கும் முன்வாசலுக்கும் வாங்காதீர்கள். 2004 மார்கழியில் கடல் ஏறிவந்த கரை இது. உள்ளிருந்து வெறுங்கையால் திருப்பித் திறக்கும் குமிழுள்ள சிலிண்டர் அதே அளவுகளில் கிடைக்கிறது. ஒன்றே ஒன்று: குமிழ்ப்பக்கம் எந்தப் பக்கம் என்று கடையில் சொல்லி வாங்குங்கள். 30/40 என்பதில் 40 பக்கம் குமிழ் வேண்டுமா, 30 பக்கமா என்பதை மாற்றி வாங்கினால் அதை வீட்டில் திருப்பிப் போட முடியாது.

எல்லாம் முடிந்து விளிம்புத் தகட்டைப் பூட்ட முன், அதற்கு அடியில் மரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: தடிப்பு, சிலிண்டர் அளவு, எந்தப் பக்கம் எவ்வளவு, எந்த மாதம் அளந்தது. அடுத்த முறை பூட்டு மாற்றுபவர் இரண்டு ஸ்குரூவைக் கழற்றியதும் அதை வாசித்துவிட்டு நேரே கடைக்குப் போகலாம்.