ரஷ்யாவின் வவுச்சர் திட்டமும் அடகுத் திட்டமும்

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபோது ஆலைகள், சுரங்கங்கள், எண்ணெய்க் கிணறுகள் எல்லாம் அரசின் கையில்தான் இருந்தன. அவற்றை மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லி, ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் அரசு 1992 அக்டோபரில் வவுச்சர், அதாவது நிறுவனப் பங்குக்கு மாற்றிக்கொள்ளும் சீட்டு, வழங்கத் தொடங்கியது. பொறுப்பு, அரசுச் சொத்துக் குழுவின் தலைவர் அனதோலி சுபைஸிடம்.

தகுதியில் சிக்கலே இல்லை. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று. சேமிப்பு வங்கிக் கிளையில் 25 ரூபிள் கட்டினால் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு கிடைக்கும். அதைக் கொடுத்து ஏலத்தில் நிறுவனப் பங்கு வாங்கலாம், முதலீட்டு நிதியத்தில் போடலாம், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். கெடு முதலில் 1993 முடியும் வரை. அப்புறம் 1994 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள்.

வில்லங்கம் அந்த மூன்றாவது வழியில்தான். சீட்டில் பெயர் கிடையாது, வைத்திருப்பவரே உரிமையாளர். 1992-இல் மட்டும் விலைவாசி சுமார் 25 மடங்கு ஏறியிருந்தது, 10,000 ரூபிளின் மதிப்பும் கரைந்துபோனது. ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்று சுபைஸ் சொன்னார். வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை, வந்த விலைக்குக் கொடுத்தார்கள். நிதியத்தில் போட்ட பலருக்கு நிதியமே காணாமல் போனது. தொழிலாளர்களுக்குப் பங்கு வாங்கத் தனிச் சலுகை இருந்தும், பல ஆலைகளில் பிடி பழைய இயக்குநர்களிடமே நின்றது.

ஆனால் பெரும் பணக்காரர்களை உருவாக்கியதில் 1995-இன் அடகுத் திட்டத்துக்குத்தான் முதலிடம். கஜானா காலி, அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். வங்கியாளர் விளாதிமிர் பொத்தானின் யோசனை சொன்னார்: நாங்கள் கடன் தருகிறோம், அரசு பெரிய நிறுவனங்களின் பங்குகளை அடகு வைக்கட்டும். 1996 செப்டம்பருக்குள் மீட்காவிட்டால் வங்கிகள் அவற்றை விற்கலாம். அரசு மீட்கவில்லை, அடகு மூழ்கியது. மீட்கும் எண்ணம் அரசுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.

கடனை யார் தந்து பங்குகளை அடகு பிடிப்பது என்று ஏலம் விட்டார்கள். அதை நடத்தியவர்களே எடுத்தவர்களாகவும் இருந்தார்கள். நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோகச் சுரங்க நிறுவனத்தின் 38 சதவீதப் பங்குக்கு ஆரம்ப விலை 17 கோடி டாலர். பொத்தானினின் ஒனெக்சிம் வங்கி 17.01 கோடிக்கு எடுத்தது. 35.5 கோடி கேட்ட போட்டியாளரை, உத்தரவாதம் போதாதென்று கழித்துக்கட்டினார்கள். யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 45 சதவீதம் 15.9 கோடிக்கு மிகயில் கொதர்கோவ்ஸ்கியின் மெனாதெப் வங்கித் தரப்புக்குப் போனது. சிப்னெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 சதவீதம் தொழிலதிபர்கள் பெரெசோவ்ஸ்கி, அப்ரமோவிச் தரப்புக்கு 10 கோடி டாலர் சொச்சத்துக்கே கிடைத்தது. 2005-இல் அதே சிப்னெஃப்டின் சுமார் 73 சதவீதத்தை, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் அப்ரமோவிச்சிடமிருந்து 1,310 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.