சோற்றுத் தட்டுக்கு முந்தின நொடி

போன ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டு எங்கள் வளவுக்குள் வந்து ஒதுங்கியது செவலை. பாளையங்கோட்டைத் தெருநாய். ஒரு காதின் நுனி நறுக்கியிருந்தது. கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கான அடையாளம். விலா எலும்பை எண்ணிவிடலாம். பாவமாக இருந்ததால் ராத்திரி மிஞ்சின சோறு முழுவதையும் கறிக்குழம்பில் பிசைந்து வைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் தட்டு காலி. விடிந்து பார்த்தால் தார்சா முழுக்க வாந்தியும் கழிச்சலும்.

கால்நடை டாக்டர் நாயைத் தொடுவதற்கு முன்னால் என்னைத்தான் பிடித்தார். "பட்டினி கெடந்த வயித்துல ஒரேயடியாக் கொட்டிட்டீங்களே அண்ணாச்சி! பைய, பைய. ஒரு நாள் சோத்த ஆறாப் பிரிச்சு வைங்க."

அந்தப் 'பைய'வுக்குள் ஒரு பெரிய வேதியியல் இருக்கிறது. நாள்கணக்கில் பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் பிழைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரியாக இருப்பதுபோலத் தெரியலாம். ஆனால் உடம்பின் மொத்த இருப்பு வற்றியிருக்கும். அந்த நிலையில் ஒரு சட்டிச் சோறு உள்ளே போனால் மாவுச்சத்து சர்க்கரையாகி, இன்சுலின் எகிறும். இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும். ரத்தத்தில் இவை சட்டென்று இறங்கினால் தசை தளரும், மூச்சு திணறும், இதயத் துடிப்பே தடுமாறும். செவலைக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, வயிறு மட்டும் கோபித்துக்கொண்டது. எலும்பும் தோலுமாகக் கிடைக்கிற நாயை முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் அளவில் பல நாள் எடுத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து, 'ஓநாய் வம்சத்துக்குச் சோறு ஆகுமா?' என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். ஆகும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதனோடு ஒட்டிக்கொண்டு அவன் மிச்சத்தைத் தின்று பழகியதன் தடயம் அது. ஆனால் வெறும் தயிர்ச்சோற்றில் புரதம் போதாது. வெறும் கறியும் சோறும் மட்டுமென்றால் சுண்ணாம்புச் சத்து குறையும். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இந்தக் கணக்கு தப்பினால் குட்டிகளின் எலும்பு வளைந்துபோகும். நான் முட்டை, கோழி, சாளை மீன் என்று மாற்றி மாற்றிக் கலந்துவிட்டு, கால்சியக் கணக்கை டாக்டரிடம் விட்டுவிட்டேன்.

நம் ஊர்ச் சமையலில் ஒரு கண்ணி உண்டு. சொதி, கூட்டாஞ்சோறு, கறிக்குழம்பு எதை எடுத்தாலும் உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் கிடக்கும். அவற்றின் கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஆக, முதல் ராத்திரி நான் வைத்த குழம்பே தப்பு. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

இனி தட்டுக்கு வருவோம். ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் 1904-இல் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆய்வுக்காக. அவருடைய நாய்கள் சோறு வருவதற்கு முன்பே, வரப்போகிற அறிகுறியைக் கண்டதுமே எச்சில் ஊறவிட்டன. எங்கள் வீட்டில் அலுமினியத் தட்டு சுவர் ஓரத்தில் இடிக்கும் சத்தம்தான் அந்த அறிகுறி. அதைக் கேட்டதும் செவலை குதித்து, என் வேட்டியைப் பிறாண்டி, குரைத்து ஊரைக் கூட்டும். நான் அவசரமாகத் தட்டை வைப்பேன். வைத்த கணத்தில் என்ன நடந்தது? குரைத்தது, சோறு வந்தது. பாடம் முடிந்தது. வாத்தியார் நான்தான் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மூளை இதை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைக் குரங்குகளிடம் பார்த்தவர் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடக்கும். விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று பழகிவிட்டால் படபடப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு இடம் மாறிவிடும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நேரத்தில் நரம்பணுக்கள் அடங்கிப்போகும். பரிசு வந்ததா என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அவை எழுதி வைக்கின்றன. அதனால்தான் நேரம் முக்கியம். நாய் உட்கார்ந்து, எழுந்து, வாலாட்டி, என் கையை நக்கியபின் கொடுத்தால் அது நக்கியதற்கான கூலியாகிவிடும்.

உட்காரப் பழக்கியது இப்படி: அவித்த முட்டையின் வெள்ளையைக் கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளி, செவலையின் மூக்குக்கு மேலே பிடித்து, பைய காதுப் பக்கமாக நகர்த்தினேன். தலை மேலே போகப் போகப் பின்பாகம் தானாகத் தாழும். குண்டி தரையைத் தொட்ட அந்த நொடியில் நாக்கால் ஒரு 'டக்'. பிறகு முட்டை. 'டக்' என்பது ஷுல்ட்ஸின் விளக்கு மாதிரி. முட்டை கைக்கு வர மூணு நொடி பிந்தினாலும் பரவாயில்லை, சத்தம் சரியான நொடியில் விழ வேண்டும். மூன்றாம் நாள் தட்டு இடித்ததும் அது தானே உட்கார்ந்தது. அடிக்கவே இல்லை, கத்தியதுண்டு, அது எனக்கு.

உறுமலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குப்பையில் அடித்துப்பிடித்துத் தின்ற நாய், தட்டருகே யார் வந்தாலும் உறுமும். உறுமுவதற்காக அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் நிற்கும். அப்புறம் நேரே கடிதான். தள்ளி நடந்து போகும்போதே தட்டில் ஒரு கோழித்துண்டை எறிந்துவிட்டுப் போனேன். ஆள் வந்தால் நல்லது விழும் என்று ஆனபின் உறுமலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. வெறிநாய்த் தடுப்பூசி முதல் வாரமே போட்டாயிற்று.

கழிப்பறைப் பாடமும் தட்டில்தான் தொடங்குகிறது. வயிற்றில் சோறு இறங்கினால் பெருங்குடல் தானாக அசையும், பிறவி அனிச்சை. நேரம் தவறாமல் சோறு வைத்து, தின்ற கால்மணி, அரைமணிக்குள் வெளியே கூட்டிப்போனால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாள் தவறி எதிர்வீட்டு அக்காவின் கோலத்தில் ஆகிவிட்டது. அரைமணி கழித்து நான் அதட்ட, செவலை காதை மடக்கிப் பதுங்கியது. "பாருங்க, தப்புன்னு தெரிஞ்சிருக்கு!" என்றார் அக்கா. அதற்குத் தெரியவில்லை. 2009-இல் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்தார்: அந்தக் குற்றவாளி முகம், திருடித் தின்ற நாயிடமும் தின்னாத நாயிடமும் ஒன்றுபோல், எஜமானர் திட்டியபோதுதான் அதிகம் தலைகாட்டியது.

எல்லாம் சரி, எங்கள் அம்மாதான் பெரிய சோதனை. பிள்ளைகளுக்கு ஆச்சி. அடுக்களை வாசலில் உட்கார்ந்து தோசை தின்னும்போது செவலை முனகும். அஞ்சு நாள் கொடுக்க மாட்டாள், ஆறாம் நாள் ஒரு துண்டு விழும். தினமும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பது பழக்கத்தை இன்னும் ஆழமாக ஊன்றும். லாட்டரிச் சீட்டின் சூத்திரமே அது. தமிழ்நாட்டில் 2003-இல் நின்றுபோன லாட்டரியை அம்மா எங்கள் அடுக்களையில் மறுபடி தொடங்கிவிட்டாள். நிறுத்தச் சொன்னோம். நிறுத்தியதும் முனகல் ஊளையாயிற்று. கிடைத்தது நின்றால் முதலில் முயற்சி கூடும், அப்புறம்தான் தணியும். அந்த உச்சத்தில் மனசு இளகிக் கொடுத்தால், ஊளைக்கே விலை வைத்ததாகிவிடும். அம்மா நாலாவது நாள் இளகினாள்.

கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். செவலை முற்றத்துச் சாக்கில் போய்ப் படுத்தால் மட்டும் தோசை. இப்போது அம்மாவின் வளையல் குலுங்கினாலே அது எழுந்து சாக்குக்கு ஓடுகிறது. தட்டில் தோசையே இல்லாத நேரத்திலும்.

"நான் ஒண்ணுமே குடுக்கலையே ஏல," என்கிறாள் அம்மா, முந்தானையில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு.