தொண்டியைத் தேடும் சர்வர்

கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் இயந்திரங்களுக்கெல்லாம் கடலோர ஊர்ப் பெயர்கள்: பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி. எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி (வலையமைப்பில் அந்தக் கணினிக்குரிய எண்) என்பது ஹோஸ்ட்ஸ் என்ற உரைக்கோப்பில் வரிவரியாக இருக்கிறது: ‘192.168.10.7 தொண்டி’. இதை ஒவ்வொரு கணினியிலும் எழுதிவைப்பது வீண்வேலை. ஒரே சர்வரைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் 1980களில் கொண்டுவந்ததுதான் என்ஐஎஸ் (நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்). முதலில் ‘எல்லோ பேஜஸ்’ என்றார்கள். அது பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறியாக இருந்ததால் பெயர் மாறியது. கட்டளைகளில் ஒட்டிய அதன் முதலெழுத்துகள் ‘ஒய்பி’ மட்டும் இன்னும் போகவில்லை.

கேள்வி வரும்போதெல்லாம் சர்வர் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தால் தாமதமாகும். அதனால் ‘மேக்டிபிஎம்’ என்ற சிறு நிரல் கோப்பை முன்கூட்டியே ‘மேப்’ ஆக மாற்றிவிடுகிறது. பெயர் முன்னால் வரும்படி வரியை மாற்றிக் கொடுத்தால், முதல் சொல்லான பெயர் திறவுச்சொல், மீதி அதற்கான விடை. அடியில் வேலைசெய்வது, கென் தாம்சன் 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய டிபிஎம் என்ற தரவுத்தள வழிமுறை. ‘தொண்டி’யின் எழுத்துகளைக் கணக்கிட்டு ஓர் எண் பிறக்கும், விடை எந்தத் தொகுதியில் கிடக்கிறது என்பதை அந்த எண்ணின் சில பிட்டுகளே (0, 1 இலக்கங்கள்) காட்டிவிடும். தொகுதி நிரம்பினால் இரண்டாகப் பிரியும். அதன்பின் இன்னொரு பிட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியல் எவ்வளவு வளர்ந்தாலும் ஓரிரு வாசிப்பில் விடை கிடைத்துவிடும். அழகான தந்திரம்.

அழகுக்கு விலை உண்டு. முகவரியைச் சொல்லிப் பெயரைக் கேட்டால் இந்த மேப் கைவிரித்துவிடும். எண்வாரியான படகுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை வைத்துத் தேடுவது போலத்தான். ஆகவே ஒரே கோப்பிலிருந்து பெயர்வாரியாக ஒன்று, முகவரிவாரியாக ஒன்று என இரண்டு மேப்கள். பயனர் பட்டியலுக்கும் அப்படியே.

உரைக்கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது; மேப்பை மறுபடி உருவாக்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுக்கும்வரை பழைய விடைதான் வரும். மேப்புக்குள் அது உருவான நேரமும் ஒரு பதிவாகச் சேர்கிறது. முதன்மைச் சர்வரின் மேப்களைப் படியெடுத்து வைத்திருக்கும் நகல் சர்வர்கள் அந்த நேரத்தைத் தங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, மேப் புதிதாக இருந்தால் மட்டுமே வாங்கிக்கொள்ளும். புயல் நாளில் மின்சாரம் போய், கடிகாரத்தை ஓட்டும் போர்டு பேட்டரியும் தீர்ந்திருந்தால் முதன்மைச் சர்வரின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அந்த நிலையில் உருவாக்கும் புது மேப்பை நகல்கள் பழசு என்று ஒதுக்கிவிடும். கடிகாரத்தைச் சரிசெய்து, மீண்டும் ‘மேக்’ கொடுக்க வேண்டும். கோப்பில் எதுவும் மாறவில்லை என்று ‘மேக்’ அடம்பிடித்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பை ஒருமுறை திறந்து சேமித்தால் போதும்.