சேவலைப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள்

பிப்ரவரி வந்தால் எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் கோழிக் கூட்டம்தான். வெள்ளைக்கழிச்சலுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடக்கும். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி மருந்து. ஒரு நிமிட வேலை. அப்படி ஒரு முகாமில், பத்து வயதுப் பையன் ஒருவன் தன் சேவலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்றான். முன்னால் இருபது பேர். சேவல் திமிறத் திமிற அவன் பிடியும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. அவன் முறை வந்தபோது அது அசையவில்லை. கொண்டை கருநீலமாகியிருந்தது, கழுத்து அவன் முழங்கை மேல் தொங்கியது. நான் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சக்கூட இல்லை. “கீழகூட விடலைங்களே டாக்டரம்மா, கையிலயேதான வெச்சிருந்தான்” என்றார் அவன் அப்பத்தா.

காரணம் அந்தப் பிடிதான். அதை அந்தப் பையன் எதிரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சு இழுக்கும் பெரும்பாலான வேலையை அதுதான் செய்கிறது. கோழிக்கு அப்படி ஒரு தசை கிடையாது. அதன் நுரையீரலும் நம்முடையதைப் போல உப்பிச் சுருங்காது. நெஞ்செலும்பும் விலாவும் அசைந்தால்தான் உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளுக்குக் காற்று போய்வரும். அந்த நெஞ்செலும்பை அசையவிடாமல் அமுக்கினால், அலகு திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். குழந்தைகள் கையில் குஞ்சுகள் செத்துப் போவதும் இப்படித்தான்.

சரி, எப்படித்தான் பிடிப்பது? முதலில், துரத்தாதீர்கள். கோழிக்கு இயல்பான உடல் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ். வியர்வையும் கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாலு பேர் சேர்ந்து தோட்டம் முழுக்க ஓட்டினால் பிடிபட்ட பிறகும் மயங்கி விழும். இருட்டிய பிறகு அடையும் இடத்துக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே எடுத்துவிடலாம். பகலில்தான் ஆக வேண்டும் என்றால் பஞ்சாரக் கூடைக்குள் கொஞ்சம் கம்புத் தானியத்தைத் தூவிக் கவிழ்த்துவிடுங்கள்.

எடுக்கும்போது மேலிருந்து இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து மென்மையாக அணைக்க வேண்டும். அது படபடப்பது நின்றதும் ஒரு உள்ளங்கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு விரலை விட்டு, கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். விரல் நடுவில் இருந்தால் கால் எலும்புகள் ஒன்றோடொன்று உரசி நசுங்காது. எடை முழுதும் உள்ளங்கையிலும் முன்கையிலும் உட்கார வேண்டும். தலை உங்கள் கக்கத்துக்குப் பின்னால் போய்விட்டால் வெளிச்சம் குறைந்து அதுவே அமைதியாகிவிடும். உங்கள் விரல் நுனியில் அதன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பிடி இறுகிவிட்டது.

ஒற்றை இறக்கையைப் பிடித்துத் தூக்குவதால் மூட்டு விலகி வரும் சேவல்களை அடிக்கடி பார்க்கிறேன். இறக்கையின் மேல் எலும்புக்குள்ளேயே காற்றுப் பை நீண்டிருக்கும். அது முறிந்தால் சுவாசத்தையும் தொடும்.

பைக் ஹேண்டிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுப் போவது எனக்கு மிகவும் வேதனை தரும் காட்சி. குடலும் ஈரலும் காற்றுப் பைகள் மேல் சரிந்து அழுத்தும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிறைந்திருந்தால் தண்ணீர் எதுக்களித்து மூச்சுக்குழலில் இறங்கும். பயத்தில் உறைந்து கிடப்பதைத்தான் ‘அடங்கிவிட்டது’ என்கிறோம். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தேவையில்லாத வலி தரும் விதத்தில் எந்த விலங்கையும் எடுத்துச் செல்வதைக் குற்றம் என்கிறது. கோழிக்கும் அது பொருந்தும். காற்று போகிற அட்டைப்பெட்டி ஒன்று போதும்.

பிடிக்கிறவரும் கவனமாக இருக்க வேண்டும். சேவல் தாவி உதைக்கும்போது காலின் பின்பக்க முள் ஆழமாக இறங்கும். வெளியே சின்ன துளைதான் தெரியும், உள்ளே அழுக்கு போயிருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு அன்றே டாக்டரைப் பாருங்கள். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் பெரியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த 76 வயதுப் பெண்மணி ஒருவர், அப்படிப் புடைத்த நரம்பில் சேவல் கொத்தியதால் ரத்தம் நிற்காமல் இறந்தார். 2019இல் மருத்துவ இதழிலேயே அது பதிவாகியிருக்கிறது. சீறும் சேவலை முகத்துக்கு நேரே தூக்காதீர்கள், சிறு பிள்ளைகளின் கண் மட்டத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். முள்ளை வெட்டிவிடலாம் என்று வீட்டில் பிளேடு எடுப்பவர்களும் உண்டு. வேண்டாம். அதன் நடுவில் ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது. கூர் நுனியை மட்டும் அரத்தால் லேசாகத் தேய்த்து மழுக்கலாம்.

அப்புறம், இறக்கிவிடும்போது தூக்கிப் போடாதீர்கள். குனிந்து, அதன் இரண்டு பாதமும் மண்ணில் ஊன்றும்வரை பிடித்திருங்கள். ஊன்றியதும் கையை மெதுவாக எடுங்கள், அதுவே உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடக்கும்.